ஐந்தாவது மண்கட்டி

பாம்பு என்றுதான் தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டாவது மாடியில், ஆய்வாளரம்மா அறைக்கு வெளியே, ஒரு வாளிக்குள் பாம்பு. உடனே தடியை எடுத்துக்கொண்டு மேலே வரவும். வாயிற்காவலர் பேசியைக் கீழே வைப்பதற்குள் கட்டடத்தின் உள்ளிருந்து ஓர் அலறல் கிளம்பி வாசல்வரை வந்து சேர்ந்தது. தரை துடைக்கிற அந்த அம்மாவுக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

அவர் தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். மாடிப்படியில் மூன்றாவது திருப்பத்தில் மூச்சு வாங்கியது. வயது ஐம்பத்து நான்கு. அந்தப் படிகளில் அவர் கால் வைத்து இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முந்திய இருபத்திரண்டு வருடம் அவர் இறங்கி ஏறியதெல்லாம் அந்தப் படிகளில்தான். அது நீர்வாழ் உயிரினங்களை ஆராய்கிற நிலையம். அங்கிருந்த நாற்பது மீன் தொட்டிகளும் அவர் பொறுப்பு. எல்லோரும் அவரைத் 'தொட்டிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலுக்கு மாற்றி, நீலச் சட்டையும் விசிலும் கொடுத்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அதுவே அவருக்கு ஒரு வேதனை.

"மீன் வளக்குறீங்களா?" என்று யாராவது கேட்டால் அந்தக் காலத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "மீன் தானா வளரும். நான் அதோட மூத்திரத்தை அள்ளுறேன்."

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். தின்ற புரதத்தை உடம்பு பயன்படுத்தி முடித்ததும் மிஞ்சுகிற கழிவு, மீனுக்கு அமோனியா. கொடிய விஷம். ஆனால் ஆற்றிலோ கடலிலோ இருக்கும் மீனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. செவுள் வழியாக அது பாட்டுக்கு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சுற்றியிருக்கிற தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடும். தொட்டித் தண்ணீருக்குப் போக இடமில்லை. இன்று விட்ட விஷத்தையே நாளை மூச்சாக இழுக்கவேண்டும். அதனால் யாராவது ஒருவர் தினமும் தண்ணீரைச் சோதித்து, பழையதை இறக்கி, புதியதை ஏற்றி, வடிகட்டியைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அமோனியா ஏறி அவர் கையில் ஒரு மீன்கூடச் செத்ததில்லை.

அப்படிப்பட்டவர் வாசலுக்குப் போனது ஒரு மண்கட்டியால்.

ஆய்வாளரம்மா வெளிநாட்டிலிருந்து ஐந்து மண்கட்டிகளை வரவழைத்தார். ஒவ்வொன்றும் இரண்டு செங்கலைச் சேர்த்துவைத்த அளவு. சாக்கில் சுற்றித் தைத்திருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுரையீரல் மீன் தூங்கிக்கொண்டிருந்தது. குட்டை வற்றும்போது அந்த மீன் சேற்றுக்குள் துளைத்துக்கொண்டு இறங்கும். உடம்பைச் சுருட்டிக்கொண்டு வழவழவென்று ஒரு பசையை விடும். அது காய்ந்து பழுப்புக் காகிதம்போல ஒரு உறையாகிவிடும். வாய்க்கு நேரே ஒரு சின்னத் துளை. அந்தத் துளை வழியாக நுரையீரலால் மூச்சு விட்டுக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், சாப்பிடாமல் கிடக்கும்.

"அப்போ கழிவு, மேடம்?" என்று தொட்டிக்காரர்தான் முதலில் கேட்டார். "தண்ணி இல்லையே. அமோனியாவை எங்க விடும்?"

"விடாது" என்றார் ஆய்வாளரம்மா, கண்கள் பளபளக்க. "யூரியாவா மாத்திக்கும். அது அவ்வளவு விஷம் இல்ல. சொட்டு மூத்திரம் போகாம மொத்தத்தையும் உடம்புக்குள்ளயே வச்சிருக்கும். எவ்வளவு நாள் வச்சிருக்கும், எவ்வளவு வச்சிருக்கும், அதைத்தான் நான் பாக்கப்போறேன்."

மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு ஒன்பது, பன்னிரண்டு என்று நான்கை எழுப்புவது. ஐந்தாவதை இரண்டு வருடம் தூங்கவிடுவது. அதுதான் திட்டம். மீன் எப்படியிருக்கும் என்று அவர் கொடுத்த படத்தைத் தொட்டிக்காரர் சேமிப்பறைச் சுவரில் ஒட்டிவைத்தார். விலாங்குபோல நீண்ட உடம்பு, இரண்டு பக்கமும் துடுப்புக்குப் பதில் நூல்போல நான்கு இழைகள். அவை எழுந்ததும் விடுவதற்குத் தாழ்வான தொட்டிகளைக்கூடக் கழுவித் தயாராக வைத்திருந்தார்.

லாரி வந்த அன்று கீழே ஐந்து என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டார். சுமைக்காரர்கள் மேலே கொண்டுபோய் ஆய்வாளரம்மா அறை வாசலில் இறக்கினார்கள். தொட்டிக்காரர் போய்த் தள்ளுவண்டி எடுத்துவந்து, அங்கே இருந்ததை ஏற்றிச் சேமிப்பறையில் வைத்துப் பூட்டினார். ஒன்பதாவது நாள் ஆய்வாளரம்மா வந்து பார்த்தபோது நான்குதான் இருந்தன.

தேடினார்கள். சேமிப்பறையைக் கவிழ்த்தார்கள். குப்பைத்தொட்டி, தோட்டம், லாரி வந்த வழி எல்லாம் பார்த்தார்கள். இல்லை.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்று கேட்டார் ஆய்வாளரம்மா, இயக்குநர் முன்னால். அவ்வளவுதான் கேட்டார். திருடன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல உணவுக்கூடத்தில் ஆள் இருந்தார்கள். அலங்கார மீன் வளர்க்கிற யாரோ ஒரு பணக்காரருக்கு விற்றுவிட்டார் என்று ஒரு பேச்சு. இல்லை, உடைத்துவிட்டுப் பயந்துபோய்ப் புதைத்துவிட்டார் என்று இன்னொரு பேச்சு. கடைசியில் 'கவனக்குறைவு' என்று ஒரு தாள் தட்டச்சாகி அறிவிப்புப் பலகையில் தொங்கியது. தொட்டிக்காரர் வாசலுக்குப் போனார்.

வீட்டில் மனைவி திரைச்சீலை தைத்துக்கொடுக்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் அந்த நிலையத்தையே திட்டித் தீர்த்தார். ஆனால் ஒரு மாதம் கழித்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நிஜமாவே நீங்க எடுக்கலைதானே?"

அவர் பதில் சொல்லவில்லை. கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து வேலையிடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வீட்டில் பேசியதில்லை.

இனி, பாம்பு.

அதற்கு முந்திய நாள் விடுமுறை. கூரைக்குக் கீழே போகிற ஒரு குழாய் விரிசல் விட்டு, இரண்டாவது மாடி நடைபாதை முழுக்கத் தண்ணீர். மறுநாள் காலை சைரன் அக்கா வந்து தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆய்வாளரம்மா அறை வாசலில் மட்டும் எத்தனை முறை துடைத்தாலும் சேறு. கவனித்தால், கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கல்லிலிருந்துதான் வருகிறது. கல் என்று அவர் நினைத்திருந்தது மண். மண்கட்டிகள் வந்த வாரமே சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்த சாயமும், பெயின்ட்காரர்கள் தூரிகையை அதன்மேல் துடைத்துத் துடைத்து விட்டுப்போன சாயமும் தடிப்பாக ஏறி, சாக்கையும் மறைத்து ஓடுபோல மூடியிருந்தன. ஒரு பக்கம் மட்டும் சாயம் படாமல் கதவோடு ஒட்டியிருந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஊறிக் கரைந்துகொண்டிருந்தது.

"இதுக்கு வேற வேலையே இல்லையா" என்று திட்டிக்கொண்டே சைரன் அக்கா அதைத் தூக்கிப் பெரிய வாளியில் போட்டு, முக்கால் வாளி தண்ணீர் பிடித்துவைத்தார். ஊறிக் கரைந்தால் செடிக்கு ஊற்றிவிடலாம். அப்போது மணி ஒன்பது. பன்னிரண்டரைக்கு வந்து, கரைந்ததா என்று துடைப்பக் கம்பை விட்டுக் கிண்டினார். கம்பை ஏதோ சுற்றியது.

தொட்டிக்காரர் மேலே வந்தபோது கணக்கர் மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இரண்டு மாணவிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தார்கள். சைரன் அக்கா வாளியைக் காட்டியபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.

"அடிங்கண்ணே! வெளிய வர்றதுக்குள்ள தலையில ஒரே போடா போடுங்க!"

அவர் தடியை ஓங்கினார். வாளிக்குள் காப்பிக் கலரில் சேற்றுத் தண்ணீர். அதில் முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று மெதுவாகச் சுருண்டு அவிழ்ந்தது. தலை மேலே வந்தது. அடிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அந்தத் தலை வாயைத் திறந்து, 'ஹக்' என்று சத்தமாகக் காற்றை இழுத்தது.

பாம்பு அப்படி மூச்சு விடாது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தலைக்குப் பின்னால், இரண்டு பக்கமும், நூல்போல இரண்டு இழைகள் தண்ணீரில் அளைந்தன. அவர் அதைச் சுவரில் ஒட்டிவைத்த படத்தில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார்.

"அடிங்கண்ணே, என்ன பாத்துட்டே நிக்கிறீங்க!"

"இது பாம்பு இல்ல" என்றார். "மீனு."

"மீனா? மீனுக்கு எதுக்குண்ணே மூச்சு வாங்குது?"

அவர் தடியைக் கீழே போட்டார். அது உருண்டு போய்ப் படியில் தடதடவென்று இறங்கியது. வாளிக்குப் பக்கத்திலேயே, ஈரத் தரையில், தொப்பென்று உட்கார்ந்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் தன் கையாலேயே அதை அடித்துக் கொன்றிருப்பார். எந்த மீனைக் காணோம் என்று அவரை வாசலுக்கு அனுப்பினார்களோ, அந்த மீனை.

"இதை எங்கேருந்தும்மா எடுத்தே?"

சைரன் அக்கா கதவைக் காட்டினார். "முட்டுக் குடுத்திருந்துச்சே, அந்தக் கல்லுண்ணே. எப்பவும் இங்கதானே கிடக்கும்."

எப்பவும் அங்கேதான் கிடந்தது. தேடிய அத்தனை பேரும் அந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்தார்கள். அவரும்தான்.

பிறகு இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவரை எழுப்பியது. "யாரும் அந்தத் தண்ணியைக் கொட்டக்கூடாது. தொட்டி அறையில நீலக் கலர்ல அகலமா ஒரு தொட்டி இருக்கும், எடுத்துட்டு வாங்க. பிடிச்சுவச்ச தண்ணி ரெண்டு குடம். குழாய்த் தண்ணி வேணாம்." மேசைமேல் நின்ற கணக்கர் இறங்கி ஓடினார். காவலர் தனக்கு உத்தரவு போடுகிறாரே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தொட்டியில் ஒரு சாண் உயரம்தான் தண்ணீர் விட்டார்; தலையைத் தூக்கினால் காற்று எட்டவேண்டும். மாற்றுவதற்கு முன்னால் ஒரு போத்தலில் வாளித் தண்ணீரை மொண்டு மூடி, மேலே நேரத்தை எழுதினார். தண்ணீர் மாற்றும் முன் மாதிரி எடுத்துவைப்பது கையில் ஊறிய பழக்கம். யாரும் சொல்லவில்லை. பிறகு ஈரத்துணியால் மீனை அணைத்துத் தூக்கினார். எடையே இல்லை. தோல் மட்டும் பெரிய சட்டைபோலத் தொளதொளத்தது. இரண்டரை வருடமாகத் தன் சதையையே தின்று உயிர் பிழைத்திருந்தது.

ஆய்வாளரம்மா வகுப்பு முடிந்து வந்தபோது நடைபாதையில் இருபது பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். தொட்டிக்காரரைப் பார்த்தார். மறுபடியும் தொட்டியை.

"யார்... இதை யார் கொண்டுவந்தது?"

தொட்டிக்காரர் கையை நீட்டினார். உள்ளங்கையில், வாளிச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு சாக்குத் துண்டு. அதில் நூலால் கட்டிய சின்ன பிளாஸ்டிக் அட்டை. சேற்றைத் துடைத்துவிட்டிருந்தார். '5' என்று எழுதியிருந்தது. கீழே வால் நீண்டு வளைகிற அந்த ஐந்தை அந்த நிலையத்தில் ஒருவர்தான் அப்படிப் போடுவார். பார்சல் வந்த அன்று சாக்குகளுக்கு எண் அட்டை கட்டியவரும் அவர்தான். எங்கே கிடந்தது என்று சைரன் அக்கா கதவடியைச் சுட்டிக்காட்டினார்.

"என் ரூம் கதவுலயா?" என்றார் ஆய்வாளரம்மா.

"ஆமா மேடம்" என்றார் சைரன் அக்கா, முதல் முறையாகச் சன்னமான குரலில்.

ஆய்வாளரம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்த நாள் அப்படியே கண்ணெதிரே வந்துவிட்டது. பலத்த காற்று. எண் அட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது மகள் படிக்கும் பள்ளியிலிருந்து அழைப்பு: குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது, உடனே வாருங்கள். பேசிக்கொண்டிருக்கையில் கதவு டமாலென்று சாத்திக்கொண்டது. திறந்தார், மறுபடியும் சாத்தியது. கைப்பை உள்ளே இருந்தது. பேசியைக் காதில் வைத்தபடியே, பக்கத்தில் கிடந்த ஒரு மூட்டையைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒன்பது நாள் மருத்துவமனை. திரும்பி வந்தபோது மூட்டையின் நினைவே இல்லை.

காலால் தள்ளியிருக்கிறார். அதுதான் அவரை அடித்தது. தினமும் காலையில் அதே கதவைத் திறந்து, அதே கட்டியைச் செருப்பு நுனியால் நகர்த்தி, அதன்மேல் ஒருநாள் குடையைக்கூடச் சாய்த்துவைத்து, இரண்டரை வருடம்.

"வாங்க" என்று தொட்டிக்காரரிடம் சொல்லிவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் முழுவதையும் கேட்டார். எழுந்து வந்து மீனையும் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நீண்ட நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். தொட்டிக்காரர் கதவோரம் நின்றார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணு செய்யலாம்" என்றார் இயக்குநர். "பெயின்ட் அடிக்க வந்தவங்க எடுத்து வச்சிட்டாங்கன்னு எழுதிடலாம். அவங்க இப்போ எங்கேயோ. யாருக்கும் பாதிப்பு இல்ல. இவரையும் மறுபடி தொட்டிக்கே மாத்திடலாம். எல்லாருக்கும் நல்லது."

ஆய்வாளரம்மா உடனே பதில் சொல்லவில்லை. தொட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் கொஞ்சம் நீளமாகவே போயிற்று என்று பிறகு அவர் மனைவியிடம் சொன்னார்: "முடிஞ்சுது, அந்தம்மா சரின்னு சொல்லிடப்போறாங்கன்னே நெனச்சேன்."

"இல்ல சார்" என்றார் ஆய்வாளரம்மா. "நான்தான் வச்சேன். என் பேரைப் போட்டு எழுதுங்க."

பிறகு தொட்டிக்காரர் பக்கம் திரும்பினார். கையைக் குவிக்கப்போனார்.

"மேடம், வேணாம்" என்றார் அவர் அவசரமாக. "எண்ணாம ஏத்திட்டுப் போனது என் தப்பு. அதை நான் இல்லைங்கல. நீங்க இங்க சொன்னதும் சரி. ஆனா இங்க சொன்னா பத்தாது. என் வீட்டுக்கு வந்து சொல்லணும்."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். ஆய்வாளரம்மா தலையாட்டினார்.

மறுநாள் காலை நீலத் தொட்டியில் நெடி அடித்தது. மூக்கில் சுருக்கென்று ஏறுகிற அந்த நெடியைத் தொட்டிக்காரர் கதவைத் திறக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார். விழித்துக்கொண்ட மீன், உள்ளே அடக்கிவைத்திருந்த யூரியாவைத் தண்ணீரில் விட ஆரம்பித்திருந்தது. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து அமோனியாவாக மாற்றிக்கொண்டிருந்தன. காலத்தில் மாற்றாவிட்டால் எழுந்து வந்தது வீணாகிவிடும்.

"கொட்டிடாதீங்க!" என்று ஓடிவந்தார் ஆய்வாளரம்மா. "எனக்கு அந்தத் தண்ணி வேணும். ஒவ்வொரு சொட்டும் வேணும்."

"மீன் வேணாமா மேடம்?" என்றார் தொட்டிக்காரர். ஆறு போத்தல்களை எடுத்து வரிசையாக வைத்தார். "முதல் வாளித் தண்ணியிலேருந்து, ராத்திரியும் இங்கேயே இருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு எடுத்து வச்சிருக்கேன். மொத்தம் எத்தனை லிட்டருன்னும் எழுதியிருக்கு. இப்போ மாத்தலாமா?"

ஆறு நாள் இப்படிப் போயிற்று. அவர் தண்ணீரை மாற்றினார், அந்த அம்மா சோதித்தார். ஏழாவது நாள் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தபோது ஆய்வாளரம்மாவுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. எண் சரியில்லை என்று நினைத்தார். கருவியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி செய்தார். மூன்றாவது தடவையும் அதே எண்.

ஐந்தாவது மீன் தொலைந்துபோனதால், இரண்டு வருடத்தில் என்ன ஆகும் என்பதை அவர் நான்கு மீன்களை வைத்து ஊகித்துத்தான் கட்டுரை எழுதியிருந்தார். யூரியா மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்; இரண்டு வருடம் நெருங்கும்போது எந்த உயிரும் தாங்காத அளவைத் தொடும்; மீன் எழுந்திருக்காது. அச்சில் வந்து, நாலு பேர் மேற்கோள் காட்டிய முடிவு. இங்கே அந்த மீன் எழுந்து, தொட்டி மூலையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே விட்டது அவர் போட்ட கணக்கில் கால் பங்குகூட இல்லை.

"எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"தூக்கம் ஆழமாகிட்டா கழிவு உண்டாகுறதே கம்மியாகிடும்போல மேடம்" என்றார் போத்தல் கழுவிக்கொண்டிருந்த தொட்டிக்காரர். "அடுப்பை அணைச்சிட்டா சாம்பல் ஏது?"

அந்த அம்மா எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் மனிதரைப் பற்றிச் சொன்னதும் தப்பு, மீனைப் பற்றிச் சொன்னதும் தப்பு.

அன்று மாலையே ஆய்வாளரம்மா தொட்டிக்காரர் வீட்டுக்குப் போனார். இரண்டு அறை. முன்னறையில் பாதியைத் தையல் இயந்திரமும் திரைச்சீலைத் துணியும் பிடித்துக்கொண்டிருந்தன. தொட்டிக்காரரின் மனைவி ஒரு நாற்காலியிலிருந்த துணியை அகற்றிவிட்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். லாரி ஓட்டுகிற மைத்துனரும் வந்திருந்தார். மீன் கிடைத்தது என்று கணவர் சொல்லியிருந்தார். எங்கே, எப்படி என்று சொல்லவில்லை. மேடம் வந்து சொல்லுவார் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஆய்வாளரம்மா சொன்னார். காற்று, கதவு, கால், ஒன்றையும் விடவில்லை.

தையல்காரரான மனைவி அசையாமல் கேட்டார். கையிலிருந்த அளவுநாடா விரலைச் சுற்றிச் சுற்றி இறுகி, விரல்நுனி வெளுத்துவிட்டது.

"உங்க காலடியிலயா?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"ரெண்டரை வருஷமா?"

"ஆமாங்க. என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு..."

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? இவரை நாலு பேர் என்னென்னமோ சொன்னாங்க, நான் எல்லார்கூடவும் சண்டை போட்டேன். ஆனா ஒருநாள்..." அளவுநாடாவை விரலிலிருந்து உருவினார். "ஒருநாள் நானே இவரைக் கேட்டுட்டேன்மா. நீங்கதான் எடுத்தீங்களான்னு. என் வாயால. என்னைக் கேக்க வச்சிட்டீங்களே!"

மைத்துனருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அவர் அப்படித்தான்; சாவு வீட்டிலும் ஏதாவது கேட்டுவைப்பார்.

"அது இருக்கட்டும் மேடம். ரெண்டரை வருஷம் அது ஒண்ணுக்கே போகலைங்கிறீங்களா? நான் லாரியில ரெண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க மாட்டேன்."

"நீ சும்மா இருடா!" என்று அதட்டினார் அவருடைய அக்காவான தையல்காரர். அதட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து அதுவரை நின்றிருந்த அழுகையும் வந்தது. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆய்வாளரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று தையல்காரர் கடைசிவரை சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "உங்க பொண்ணுக்கு இப்போ உடம்பு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகு, கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது தப்பில்ல" என்றார் தொட்டிக்காரர். "இல்லைன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வீம்பு."

அந்த வாரக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் புதிய தாள் ஒன்று வந்தது. யார் தவறு என்பது பெயரோடு இருந்தது. உணவுக்கூடத்தில் கதை கட்டியவர்களில் இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். மற்றவர்கள் வேறு பக்கமாகச் சுற்றிப்போனார்கள். ஆய்வாளரம்மா தன் கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். தண்ணீர் மாதிரிகளைச் சேகரித்தவர் என்று தொட்டிக்காரரின் பெயர் அதில் இருந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. மைத்துனர்தான் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கைபேசியில் காட்டிக்கொண்டு திரிந்தார்.

மீன் பதினெட்டு நாள் எதையும் தொடவில்லை. இவ்வளவு தூரம் வந்து பட்டினியால் செத்துவிடுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். பத்தொன்பதாவது நாள் தொட்டிக்காரர் ஒரு மண்புழுவை இடுக்கியால் பிடித்து அதன் முகத்துக்கு நேரே ஆட்டினார். அது நகரவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் 'டப்' என்று ஒரு சத்தம். புழு போயிருந்தது, இடுக்கியின் முனை வளைந்திருந்தது. அவர் பதறிப் பின்னால் துள்ளி, தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டார். அறை முழுக்கத் தண்ணீர். துடைப்பத்தோடு உள்ளே வந்த சைரன் அக்கா கட்டடமே அதிரக் கேட்டார்:

"இப்போ என்னண்ணே ஆச்சு?"

"சாப்பிட்டுச்சு!" என்று அவரும் அதே அளவு சத்தமாகக் கத்தினார்.